போன் செய்யும் ஊருக்கு, போனுக்குள் இருக்கும் பிளாஸ்டிக் செய்யத் தெரிய வேண்டாமா?

ஸ்டீலைவிட உறுதியான நூல், 5ஜி ஆன்டெனா, செவ்வாயில் இறங்கிய காற்றுப்பை என எல்லாவற்றுக்கும் பின்னால் ஒரே குடும்பத்துப் பாலிமர் இருக்கிறது. செங்கல்பட்டில் தயாராகும் போன்களுக்குள்ளும் அதுதான். ஆனால், அதைச் செய்யும் வித்தை மட்டும் இன்னும் வெளியூரிலேயே இருக்கிறது.

சென்னையிலிருந்து ஜி.எஸ்.டி. சாலையில் போனால், செங்கல்பட்டுக்குச் சற்று முன்னால் மகேந்திரா வேர்ல்டு சிட்டி. 2022 செப்டம்பரில் இங்கே பெகாட்ரான் ஆலை திறக்கப்பட்டது. 1,100 கோடி ரூபாய் முதலீடு, 14,000 பேருக்கு வேலை என்று அப்போது அறிவித்தார்கள். ஐபோன் தயாரிப்பு தொடங்கியது. 2025 ஜனவரியில் அந்த நிறுவனத்தின் 60 சதவீதப் பங்கை டாடா எலெக்ட்ரானிக்ஸ் வாங்கியது. பக்கத்து மாவட்டமான காஞ்சிபுரத்தில் ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம் என்று போன் ஆலைகள் வரிசை கட்டி நிற்கின்றன. 2024-25 நிதியாண்டில் தமிழ்நாட்டிலிருந்து ஏற்றுமதியான எலெக்ட்ரானிக்ஸ் பொருட்களின் மதிப்பு சுமார் 1,465 கோடி டாலர். இந்தியாவின் மொத்த எலெக்ட்ரானிக்ஸ் ஏற்றுமதியில் இது ஐந்தில் இரண்டு பங்கு.

பெருமைப்பட வேண்டிய கணக்குதான். ஆனால், அதே போனைப் பாகம் பாகமாகப் பிரித்தால் வேறொரு கணக்கு தெரியும். சார்ஜர் செருகும் துளைக்குள் நாக்கு மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் துண்டு, கேமரா லென்ஸைப் பிடித்திருக்கும் குட்டிக் கூடு, ஒரு போர்டை இன்னொரு போர்டோடு இணைக்கும் அரிசி மணி அளவு கனெக்டர், ஆன்டெனாவுக்குப் போகும் மெல்லிய பட்டை. இவற்றில் பலவும் ஒரே வகைப் பிளாஸ்டிக்கால் ஆனவை. அதன் பெயர் லிக்விட் கிரிஸ்டல் பாலிமர், சுருக்கமாக எல்.சி.பி. தமிழில் சொன்னால், திரவப் படிக பாலிமர்.

இதன் மூலப் பிளாஸ்டிக்கைத் தயாரிக்கும் பெரிய நிறுவனங்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். ஜப்பானில் பாலிபிளாஸ்டிக்ஸ், சுமிட்டோமோ, டோரே. அமெரிக்காவின் செலனீஸ் என்று அந்தப் பட்டியல் சீக்கிரம் முடிந்துவிடும். கடந்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் சீன நிறுவனங்களும் உள்ளே வந்துவிட்டன. இந்தியாவின் தேவைக்கு இறக்குமதிதான் பெரும்பாலும் வழி.

ஒரு போனில் சில கிராம்கூட இருக்காத பிளாஸ்டிக். இதைச் செய்யத் தெரியாவிட்டால் குடி முழுகிப் போய்விடுமா? போகாது. ஆனால், இன்னும் பத்து வருஷம் கழித்தும் இந்த ஊர் திருப்புளி பிடிக்கும் ஊராகவே இருக்குமா, பொருளைப் படைக்கும் ஊராக மாறுமா என்ற கேள்விக்கு, இந்த மாதிரி சின்னச் சின்னப் பொருட்களில்தான் பதில் இருக்கிறது.

திரவமா, படிகமா? முதலில் இதைத் தெளிவாக்கிக்கொள்வோம்

1888-ல் பிராக் நகரில் ஃபிரெட்ரிக் ரெய்னிட்சர் என்ற தாவரவியலாளர் ஒரு விசித்திரத்தைக் கவனித்தார். கொலஸ்டிரால் சார்ந்த ஒரு பொருளைச் சூடாக்கினால் சுமார் 145 டிகிரி செல்சியஸில் உருகியது, ஆனால் கலங்கலாக இருந்தது. இன்னும் சூடாக்கி சுமார் 178 டிகிரி வந்ததும் சட்டென்று தெளிந்தது. ஒரே பொருளுக்கு இரண்டு உருகுநிலையா? இரண்டுக்கும் நடுவில் இருந்ததுதான் திரவப் படிக நிலை. தண்ணீர் மாதிரி ஓடும். ஆனால், உள்ளே மூலக்கூறுகள் படிகத்தில் இருப்பதுபோல ஒரே திசை பார்த்து நிற்கும்.

டி.வி., கால்குலேட்டர் திரைகளில் இருப்பது சின்ன மூலக்கூறுகளால் ஆன திரவப் படிகம். அதே குணம் நீளமான பாலிமர் சங்கிலிக்கு வந்தால்? அதுதான் எல்.சி.பி.

சாதாரண பாலிமர், தட்டில் வைத்த இடியாப்பம் மாதிரி. ஒவ்வொரு இழையும் வளைந்து நெளிந்து, மற்றொன்றோடு சிக்கிக் கிடக்கும். திரவப் படிக பாலிமர், துடைப்பத்துக்குக் கிழித்து வைத்த ஈர்க்குச்சி மாதிரி. ஒவ்வொன்றும் விறைப்பானது. ஒரு கைப்பிடி ஈர்க்குச்சியைத் தரையில் தட்டினால் எல்லாம் தானாக ஒரே திசையில் வரிசையாகிவிடும் அல்லவா? இந்த மூலக்கூறுகளும் அப்படித்தான். உருகிய நிலையிலோ கரைசலிலோ, போதுமான அளவு நெருக்கமாக இருந்தால், வரிசையில் நின்றால்தான் இடம் போதும் என்ற நிலை வரும். விறைப்பான குச்சி மூலக்கூறுகள் இப்படித்தான் நடந்துகொள்ளும் என்று 1956-லேயே கணக்குப் போட்டுச் சொன்னவர் பால் ஃபுளோரி. பிற்பாடு, 1974-ல், நோபல் பரிசு பெற்ற வேதியியலாளர்.

இப்படி ஏற்கெனவே வரிசையில் நிற்கும் மூலக்கூறுகளை ஒரு சின்னத் துளை வழியாக அழுத்தி வெளியே இழுத்தால், வரிசை இன்னும் கச்சிதமாகும். இடியாப்ப அச்சில் மாவு பிழிவதுபோலத்தான். வெளியே வரும் இழையில் கிட்டத்தட்ட எல்லா மூலக்கூறும் நீளவாக்கில் படுத்திருக்கும். இழுத்தால், அந்த இழுவிசையை மூலக்கூறின் முதுகெலும்பே தாங்கும். பலம் வருவது அங்கிருந்துதான்.

இயற்கை இதை மனிதனுக்கு முன்பே கண்டுபிடித்துவிட்டது. சிலந்தியின் சுரப்பியில் இருக்கும் புரதக் கரைசல், நூலாக மாறும் முன் திரவப் படிக நிலையைக் கடந்துதான் வருகிறது. பட்டுப்புழுவுக்கும் இதே வழிதான். காஞ்சிபுரம் தறியில் ஓடும் பட்டுக்கும், குண்டு துளைக்காத ஜாக்கெட்டின் நூலுக்கும் உள்ள உறவு அவ்வளவு தூரத்து உறவு இல்லை.

மோர் மாதிரி கலங்கிய ஒரு கரைசல்

1960-களின் நடுவில் அமெரிக்காவின் டூபான்ட் நிறுவனத்தில் ஸ்டெஃபனி குவோலெக் என்ற பெண் வேதியியலாளர், டயருக்குப் பயன்படும் எடை குறைந்த, உறுதியான நாரைத் தேடிக்கொண்டிருந்தார். அவருக்குக் கிடைத்த ஒரு கரைசல், வழக்கமான பாலிமர் கரைசல்போலத் தேன் பதத்தில் தெளிவாக இல்லை. தண்ணியாக, மோர் மாதிரி கலங்கி இருந்தது. நூல் நூற்கும் இயந்திரத்தைக் கவனித்தவர், அச்சு அடைத்துக்கொள்ளும் என்று முதலில் போட மறுத்தார். குவோலெக் விடவில்லை. நூற்றுப் பார்த்தபோது, அந்த நூல் அதுவரை பார்த்த எதைவிடவும் விறைப்பாக இருந்தது. அந்தப் பாதையில் வந்ததுதான் கெவ்லார். 1970-களின் தொடக்கத்தில் சந்தைக்கு வந்தது. ஒரே எடைக்கு ஒப்பிட்டால் ஸ்டீலைப்போல ஐந்து மடங்கு வலிமை.

கெவ்லாரைத் தயாரிக்க அடர் கந்தக அமிலத்தில் கரைக்க வேண்டும். இது கரைசல் வழி. இன்னொன்று, உருக்கும் வழி. சூடாக்கி உருக்கினாலே திரவப் படிகமாகும் பாலிமர்கள் 1980-களில் வந்தன. 1984-ல் வந்த சைடார் முதலில் எதற்குப் பயன்பட்டது தெரியுமா? ஓவனில் வைக்கும் டப்பர்வேர் பாத்திரத்துக்கு! அடுத்த ஆண்டே செலனீஸின் வெக்ட்ரா வந்தது. அதன் நூல் வடிவமான வெக்ட்ரானில் நெய்த காற்றுப்பைகளைச் சுற்றிக்கொண்டுதான் 1997 ஜூலை 4 அன்று நாசாவின் மார்ஸ் பாத்ஃபைண்டர் செவ்வாயில் விழுந்தது. குறைந்தது 15 முறை பந்து மாதிரி குதித்து, பத்திரமாக நின்றது.

அவ்வளவு தூரம் போக வேண்டாம். சிறுசேரியிலோ நாவலூரிலோ இருக்கும் வீட்டு வைஃபை பெட்டியில் செருகியிருக்கும் ஃபைபர் பேட்ச் கார்டுக்குள், தலைமுடி அளவு கண்ணாடி இழையைச் சுற்றி மஞ்சள் நிறத்தில் நார் இருக்கும். அது கெவ்லார் குடும்பத்தைச் சேர்ந்த அராமிட் நார். யாராவது ஒயரை இழுத்தால், இழுவையை அது வாங்கிக்கொண்டு கண்ணாடியைக் காப்பாற்றும். இஸ்ரோவின் பி.எஸ்.எல்.வி. ராக்கெட்டில் மூன்றாம் கட்ட மோட்டாரின் கூடும் கெவ்லார் நாரால் ஆனதுதான்.

போனுக்குள் ஏன் இதுவேதான் வேண்டும்?

கெவ்லார் நூலாக மட்டுமே பயன்படும் வகை. போனுக்குள் இருப்பது, உருக்கி அச்சில் ஊற்றும் வகை. வேறு பிளாஸ்டிக் ஆகாதா என்றால், நாலு காரணம் இருக்கிறது.

முதலாவது, சூடு. சர்க்யூட் போர்டில் பாகங்களை ஒட்டும்போது, போர்டு முழுவதும் அடுப்பு மாதிரியான ஒரு இயந்திரத்துக்குள் போய் வரும். ஈயம் இல்லாத சால்டருக்கு அங்கே வெப்பம் 245 முதல் 260 டிகிரி வரை போகும். கனெக்டரும் கூடவே போய்த்தான் ஆக வேண்டும். சாதாரண பிளாஸ்டிக் அங்கே கூழாகிவிடும். எல்.சி.பி. வடிவம் மாறாமல் வெளியே வரும்.

இரண்டாவது, ஓட்டம். உருகிய எல்.சி.பி. தண்ணி மாதிரி ஓடும். மூலக்கூறுகள் வரிசையில் இருப்பதால் ஒன்றோடொன்று சிக்குவதில்லை. 0.2 மில்லிமீட்டர் சந்துக்குள்ளும் நுழைந்து நிரப்பும். போன் மெலிய மெலிய, இந்தக் குணத்துக்கு மதிப்பு கூடிக்கொண்டே போகிறது.

மூன்றாவது, ஈரம். எல்.சி.பி. தண்ணீர் குடிப்பது அதன் எடையில் 0.04 சதவீதம் அளவுக்குத்தான். மாமல்லபுரம் கடற்கரையின் ஈரப்பதத்திலும், லடாக்கின் வறட்சியிலும் அதன் அளவு மாறாது. நைலான் அப்படி இல்லை. ஈரம் குடித்து ஊதும்.

நான்காவது, சிக்னல். 5ஜி போன்ற உயர் அதிர்வெண் அலைகள் ஒரு பொருளின் வழியே போகும்போது, அந்தப் பொருளே கொஞ்சம் சக்தியைத் தின்றுவிடும். எல்.சி.பி. மிகக் குறைவாகத்தான் தின்னும். ஈரம் குடிக்காததால், மழைக்காலத்தில் ஒரு மாதிரி, வெயிலில் ஒரு மாதிரி என்று நடந்துகொள்ளவும் செய்யாது. 2017-ல் வந்த ஐபோன் எக்ஸ் மாடலில் ஆன்டெனா பட்டைக்கு எல்.சி.பி. படலம் பயன்பட்டபோதுதான், இந்தப் பெயர் போன் உலகில் பரவலாகப் பேசப்பட்டது.

சகலகலா வல்லவன் இல்லை

இவ்வளவு பெருமை பேசிவிட்டு, குறையைச் சொல்லாமல் விட்டால் அது விளம்பரமாகிவிடும்.

விறகு பிளப்பவருக்குத் தெரியும்: மரம் நாரின் நீளவாக்கில் சுலபமாகப் பிளக்கும், குறுக்கே பிளக்காது. எல்.சி.பி.யும் அப்படித்தான். மூலக்கூறு போகும் திசையில் பலம் அபாரம்; குறுக்குத் திசையில் சுமார். அச்சுக்குள் இரண்டு ஓட்டங்கள் வந்து சந்திக்கும் இடத்தில் ஒரு தையல் மாதிரி கோடு விழும். பாகம் உடைந்தால் முதலில் உடைவது அங்கேதான். கெவ்லார் நூலை இழுத்தால் அசையாது, அழுத்தினால் மடங்கிவிடும். வெயிலின் புற ஊதாக் கதிர் அதன் பலத்தைக் குறைக்கும்.

அதனால், கோவளம், தேவனேரி, கொக்கிலமேடு, சதுரங்கப்பட்டினம் மீனவர்களின் கயிறையும் வலையையும் எல்லாம் இந்த உயர்ரக நாருக்கு மாற்றிவிடலாம் என்று யாராவது திட்டம் கொண்டுவந்தால், அது வெறும் ஆடம்பரம். நாள் முழுக்க வெயிலில் கிடக்கும் கயிறுக்கு விலை குறைந்த, வெயில் தாங்கும் பாலிமர்களே போதும். எந்தப் பொருளை எங்கே பயன்படுத்தக் கூடாது என்று தெரிந்திருப்பதும் பொருளறிவியல்தான்.

பெங்களூரில் கண்டுபிடிப்பு, ஜப்பானில் பொருள்

இந்தத் துறைக்கும் இந்தியாவுக்கும் சம்பந்தமே இல்லை என்று நினைத்தால் தப்பு. சம்பந்தம் ஆழமானது, கொஞ்சம் வலிக்கவும் செய்யும்.

1977-ல் பெங்களூரு ராமன் ஆய்வு நிறுவனத்தில் எஸ்.சந்திரசேகர், பி.கே.சதாசிவா, கே.ஏ.சுரேஷ் மூவரும் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். வந்தது ‘பிரமாணா’ என்ற இந்திய ஆய்விதழில். அதுவரை குச்சி வடிவ மூலக்கூறுகள்தான் திரவப் படிகமாகும் என்பது பொதுவான எண்ணம். தட்டு வடிவ மூலக்கூறுகளும் ஆகும், தட்டுகள் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி நிற்கும் என்று இவர்கள் காட்டினார்கள். உலகம் முழுக்க ஒரு புதிய ஆய்வுத் துறையே திறந்தது. இந்த சந்திரசேகர், நோபல் பரிசு பெற்ற வானியற்பியலாளர் இல்லை. இவர் சி.வி.ராமனின் சகோதரி மகன். பெயர் ஒன்றாக இருப்பதால் பலரும் குழப்பிக்கொள்வார்கள்.

அடுத்து நடந்தது என்ன? அந்தக் காலத்து எல்.சி.டி. திரையைப் பக்கவாட்டில் சாய்ந்து பார்த்தால் நிறம் மாறும், படம் தலைகீழாகத் தெரியும். 1990-களின் நடுவில் ஜப்பானின் ஃபியூஜிஃபிலிம், தட்டு வடிவத் திரவப் படிக மூலக்கூறுகளை மெல்லிய பூச்சாகப் பூசி, அப்படியே பாலிமராக உறைய வைத்து ஒரு படலம் செய்தது. அதைத் திரையில் ஒட்டினால் பார்வைக் கோணம் விரிந்தது. உலகம் முழுக்க மானிட்டர்களில் அந்தப் படலம் இடம்பிடித்தது. கண்டுபிடிப்பு பெங்களூரில், அதைச் சுருட்டி மீட்டர் கணக்கில் விற்றது ஜப்பான்.

இதில் ஜப்பான்மீது குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. ஃபோட்டோ ஃபிலிமில் மெல்லிய பூச்சு பூசிப் பூசி அவர்களுக்குக் கை பழகியிருந்தது. அறிவு கட்டுரையாக யாருக்கும் கிடைக்கும். கை பழக்கம் அப்படிக் கிடைக்காது. ஆய்வகத்துக்கும் ஆலைக்கும் நடுவில் இருக்கும் அந்தப் படிகள்தான் இங்கே இல்லாமல் போனது.

‘இதுக்குப் போய் ஏன் மெனக்கெடணும்?’

எதிர்வாதம் வலுவானது. அதை மதிப்போடு எடுத்துக்கொள்ள வேண்டும்.

எல்.சி.பி.யின் உலகச் சந்தையே சில பத்தாயிரம் டன் அளவில்தான் இருக்கிறது. பத்து கோடி டன்னைத் தாண்டிவிட்ட பாலிஎத்திலீனோடு ஒப்பிட்டால் இது கடுகு. சில ஆயிரம் டன் திறன் கொண்ட ஒரு ஆலை போதும், ஒரு நாட்டின் தேவையைத் தீர்த்துவிடும். ஜப்பானிடம் நாற்பது ஆண்டு அனுபவம். சீனாவிடம் விலை. இரண்டுக்கும் நடுவில் புதிதாக ஒருவர் நுழைந்து என்ன சாதிப்பார்? வாங்கிக்கொண்டு போவதே லாபம்.

கணக்கு சரிதான். ஆனால், அது நல்ல நாள் கணக்கு. 2011 மார்ச்சில் ஜப்பானில் நிலநடுக்கமும் சுனாமியும் வந்தபோது, சிப் பேக்கேஜிங்குக்குத் தேவையான பி.டி. ரெசின் என்ற ஒரே ஒரு பொருளின் உற்பத்தி நின்றது. உலகம் முழுக்க போன் தயாரிப்பாளர்கள் பதறினார்கள். 2025 ஏப்ரலில் சீனா அரிய மண் காந்தங்களின் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு போட்டபோது, இந்திய வாகன நிறுவனங்கள் கையைப் பிசைந்துகொண்டு நின்றன. வண்டியின் விலையில் காந்தத்தின் பங்கு எவ்வளவு? சொற்பம்தான். ஆனால், அது இல்லாமல் வண்டி நகராது.

இன்னொரு காரணம், வேலையின் தரம். போன் கோக்கும் வேலையைக் குறைத்துச் சொல்ல முடியாது. ஹாஸ்டலில் தங்கி ஷிஃப்ட் பார்க்கும் ஆயிரக்கணக்கான இளம்பெண்களின் சம்பளத்தில்தான் எத்தனையோ வீடுகள் நிமிர்ந்தன. ஆனால், கோக்கும் வேலை சுலபமாக இடம் மாறும். எந்த ஊரில் கூலியும் மின்கட்டணமும் குறைவோ, அங்கே அடுத்த ஆலை போகும். மறைமலைநகரில் ஃபோர்டு ஆலையின் கதவு 2022-ல் மூடியதைப் பார்த்த மாவட்டத்துக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. ஒரு பொருளை உருவாக்கும் அறிவு, அச்சு வெட்டும் திறன், சோதனைக் கூடம் ஆகியவை வேர் விட்டால் அவ்வளவு சீக்கிரம் பிடுங்க முடியாது. வேதியியலும் பாலிமர் இன்ஜினீயரிங்கும் படித்துவிட்டு ஓ.எம்.ஆரில் சம்பந்தமே இல்லாத வேலை பார்க்கும் பிள்ளைகளுக்குப் படித்த வேலை கிடைப்பதும் அப்போதுதான்.

ஆரம்பிக்க வேண்டியது எங்கே?

ஒரேயடியாகப் பெரிய ஆலை கட்டிவிட வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. இதற்கு ஒரு வரிசை இருக்கிறது.

முதல் படி, அச்சு. எல்.சி.பி. கனெக்டர் வார்க்க மைக்ரான் துல்லியத்தில் அச்சு வெட்டத் தெரிய வேண்டும். இதற்கான அடித்தளம் சென்னையில் ஏற்கெனவே உண்டு. கிண்டியில் சிபெட் நிறுவனம் 1968-லிருந்து பிளாஸ்டிக் தொழிலுக்கு ஆட்களைத் தயார்செய்கிறது. அம்பத்தூர், கிண்டி பட்டறைகளில் டூல் ரூம் அனுபவம் தலைமுறைகளாக இருக்கிறது.

இரண்டாவது, கலவை. இறக்குமதியான மூலப் பிளாஸ்டிக்கில் கண்ணாடி நார், கனிமத் தூள் சேர்த்து, ஒவ்வொரு பாகத்துக்கும் ஏற்ற ரகமாக மாற்றும் வேலை. முதலீடு குறைவு, கற்றுக்கொள்வது அதிகம்.

மூன்றாவதுதான் மூலப் பிளாஸ்டிக். இதன் மூலப்பொருட்கள் ஒன்றும் வேற்றுக்கிரகத்துச் சரக்கு இல்லை. ஒன்று ஃபீனாலிலிருந்து வருகிறது. இன்னொன்று, சாயத் தொழிலுக்குப் பழக்கமான நாஃப்தாலிலிருந்து வருகிறது. அண்ணா பல்கலைக்கழகத்திலும் அடையாறு சி.எல்.ஆர்.ஐ.யிலும் திரவப் படிக பாலிமர்கள் குறித்து ஆய்வுக் கட்டுரைகள் வந்திருக்கின்றன. கட்டுரைக்கும் ஆலைக்கும் நடுவில் ஒரு சோதனை ஆலை வேண்டும். ஆண்டுக்குச் சில டன் செய்து, தப்பு செய்து, திருத்திப் பழக ஓர் இடம்.

இந்தியாவால் முடியுமா என்ற சந்தேகத்துக்குப் பதில் குஜராத்தில் இருக்கிறது. பீக் என்ற இன்னொரு உயர்ரகப் பாலிமரை, மும்பையின் கார்டா கெமிக்கல்ஸ் சொந்தமாக உருவாக்கி பனோலியில் தயாரித்தது. 2005-ல் பெல்ஜியத்தின் சால்வே நிறுவனம் அந்தத் தொழிலையே விலை கொடுத்து வாங்கியது. வெளிநாட்டு ஜாம்பவான் தேடி வந்து வாங்கும் அளவுக்குச் செய்ய முடிந்தது என்பது நல்ல செய்தி. வளர்த்துக் கையில் வைத்துக்கொள்ள முடியவில்லை என்பது பாடம்.

நான்காவது படிதான் யாரும் பேசாதது: அப்ரூவல். எவ்வளவு நல்ல பிளாஸ்டிக் செய்தாலும், போன் நிறுவனம் சோதித்து ஒப்புக்கொள்ளாமல் ஒரு கிலோகூட விற்காது. அந்தச் சோதனை மாதக்கணக்கில், சிலவேளை வருஷக்கணக்கில் இழுக்கும். புதியவர்கள் மூச்சு முட்டி விழுவது இங்கேதான்.

அரசு கை கொடுக்க வேண்டிய இடமும் இதுவே. எலெக்ட்ரானிக்ஸ் உதிரிபாகத் தயாரிப்புக்கு மத்திய அரசு 2025 மார்ச்சில் 22,919 கோடி ரூபாய் திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. அடுத்த மாதமே தமிழ்நாடு அரசு தன் பங்குக்கு ஒரு திட்டம் அறிவித்தது. 2025 அக்டோபரில் ஒப்புதல் பெற்ற முதல் 7 திட்டங்களில் 5 தமிழ்நாட்டுக்கு வந்தன. கேமரா மாட்யூல், பல அடுக்கு சர்க்யூட் போர்டு, அதற்கான லேமினேட் என்று சரியான திசையில்தான் போகிறது.

அதில் ஒரு வரி சேர்த்தால் போதும். மானியம் வாங்கும் நிறுவனம், உள்ளூர்ப் பொருளை வாங்கியே ஆக வேண்டும் என்று கட்டாயப்படுத்த வேண்டாம். அது தரத்தைக் கெடுக்கும். ஆனால், உள்ளூரில் ஒருவர் பொருள் கொண்டுவந்தால், குறிப்பிட்ட காலத்துக்குள் சோதித்து, தேறியதா தேறவில்லையா, ஏன் என்று எழுத்தில் சொல்லியாக வேண்டும். வாங்கும் கடமை வேண்டாம், சோதிக்கும் கடமை வேண்டும்.

கடற்கரை கொடுக்கும் எச்சரிக்கை

இவ்வளவையும் சொல்லிவிட்டு, கழிவைப் பற்றிப் பேசாமல் இருந்தால் அது பாதி உண்மைதான்.

எல்.சி.பி. செய்யும் வினையிலேயே அசிட்டிக் அமிலம் வெளியேறும். வேதியியல் சமன்பாட்டின் கணக்குப்படி, ஒரு கிலோ பாலிமருக்குக் கிட்டத்தட்ட 450 கிராம் அமிலம். வினிகரில் இருக்கும் அதே அமிலம்தான். முழுவதையும் பிடித்து மறுபடி பயன்படுத்த முடியும். பிடிக்காமல் விட்டால்? ஃபீனால் விஷம். கெவ்லார் வழியிலோ அடர் கந்தக அமிலம். கடலூர் சிப்காட், மணலி அனுபவங்களைப் பார்த்த தமிழ்நாட்டில், “எல்லாம் பார்த்துக்கொள்வோம்” என்ற வாக்குறுதிக்கு மதிப்பு கிடையாது. முட்டுக்காடு கழிமுகமும், பக்கிங்காம் கால்வாயும், ஆமைகள் முட்டையிட வரும் கரையும் இருக்கும் இந்தப் பகுதியில் ரசாயன ஆலை வரவே கூடாது. வேறெங்கு வந்தாலும், அமிலத்தை மீட்கும் பிரிவு ஓடினால்தான் உற்பத்திப் பிரிவு ஓடும் என்று உரிமத்திலேயே எழுத வேண்டும். செங்கல்பட்டுக்குப் பொருந்துவது அச்சும், கலவையும், சோதனைக் கூடமும்.

2004 சுனாமிக்குப் பிறகு இந்தக் கரையில் கட்டுமரம் குறைந்து ஃபைபர் படகு பெருகியது. வேகம் கூடியது, தொழில் மாறியது. ஆனால், உடைந்த ஃபைபர் படகை உருக்கி மறுபடி வார்க்க முடியாது. அதை என்ன செய்வது என்பதற்கு இன்றும் சரியான வழி இல்லை. எல்.சி.பி. உருகும் வகை. ஆலைக்குள் மிஞ்சும் துண்டுகளை அரைத்துத் திரும்பப் பயன்படுத்தலாம். ஆனால், பழைய போனுக்குள் உலோகத்தோடு கலந்து கிடக்கும் அந்தச் சில கிராமை யாரும் பிரித்தெடுப்பதில்லை. பொருளைச் செய்யக் கற்கும்போதே அதைத் திரும்ப எடுக்கவும் கற்றுக்கொள்வது நல்லது.

பொறுமைக்கு இந்தக் கரையிலேயே முன்னுதாரணம் உண்டு. கல்பாக்கத்தில் 1971-ல் தொடங்கிய ஆய்வு மையம், தன் வேகஈனுலையை இயக்கியது 1985 அக்டோபரில். வேறெங்கும் அந்த வடிவில் பழக்கத்தில் இல்லாத கார்பைடு எரிபொருளைச் சொந்தமாக உருவாக்கி ஓட்டினார்கள். பதினான்கு வருஷம் பிடித்தது. மாமல்லபுரத்தில் 1957-ல் சிற்பக் கல்லூரி தொடங்கியபோதும், சிலை விற்றால் போதும் என்று யாரும் நினைக்கவில்லை. உளி பிடிக்கும் அடுத்த தலைமுறை வேண்டும் என்று நினைத்தார்கள். கல்லுக்கும் அணுவுக்கும் கிடைத்த அந்தப் பொறுமையில் கொஞ்சம், போனுக்குள் இருக்கும் அரிசி மணிப் பிளாஸ்டிக்குக்கும் கிடைக்கட்டும்.

அடுத்த முறை ஒரு போன் ஆலைக்கு அடிக்கல் நாட்டும்போது, எத்தனை கோடி, எத்தனை வேலை என்ற இரண்டு எண்களை எல்லோரும் கேட்பார்கள். மூன்றாவதாக ஒன்றையும் கேட்க வேண்டும்: இதில் எத்தனை பொருளைச் செய்ய இங்கே கற்றுக்கொள்ளப் போகிறார்கள்?